மூக்கில் ஆறு குழல்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. சந்தைக்குப் போகவில்லை. இடது முழங்கால் விடிய விடியக் குத்தல்.

மத்தியானம் பேரன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். டைரக்டராம். மார்த்தாண்டத்துப் பையன், தாடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. 1971-ல் பாகிஸ்தானோடு நடந்த பாய்ரா வான்சண்டையைப் படம் எடுக்கிறார்கள். சின்னப் படம், முக்கால் மணி நேரம். வள்ளியாற்றுப் பக்கம் பூட்டிக் கிடந்த தறிக்கொட்டகையை வாடகைக்குப் பிடித்தாயிற்று. அதற்குள் விமானம் செய்யப்போகிறார்கள். இரணியலில் பாகிஸ்தான்காரனின் சேபர்!

"தாத்தா, நீங்க அப்போ ஏர்ஃபோர்ஸ்ல, கல்கத்தா டம்டம்லதான இருந்தீங்க? வந்து பாத்துச் சொல்லணும்."

சரி என்றேன்.

இரவு உறக்கம் இல்லை. வீட்டுக்காரி இரண்டு தடவை எழுந்து பார்த்தாள். காலா என்று கேட்டாள். கால்தான் என்றேன். கால் இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

டைரக்டர் செல்போனில் வரைந்து காட்டினான். ஒரே உடம்பு. நம்ம விமானப்படை வட்டத்தை ஒட்டினால் நம்ம நேட். பாகிஸ்தானின் பச்சை வட்டத்தை ஒட்டினால் சேபர். செலவு பாதியாகும்.

நடக்காது என்றேன்.

"எவனுக்குத் தாத்தா தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்லே."

நேட்டுக்கு மூக்கில் ஓட்டை கிடையாது. காற்றை இரண்டு விலாவிலும் இழுக்கும். சேபருக்கு மூக்கே திறந்த வாய். இறக்கை முனைக்கு முனை நேட் 22 அடி, சேபர் 37 அடி. நேட் சின்னது. அதுதான் அந்தச் சண்டையே. பக்கத்தில் வரும்வரை எதிரி கண்ணுக்குத் தட்டுப்படாது. ஆள் உயரத்துக்கு நிற்கிற விமானம், ஏணி பெரிதாக வேண்டாம், நான் கையை ஊன்றி எட்டிப் பார்த்தே உள்ளே வேலை செய்திருக்கிறேன். இரண்டையும் ஒரே உடம்பில் செய்தால் இவன் எதைக் காட்டுவான்?

சத்தம் கூடிவிட்டது. மருமகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பேரன் முகம் வாடிவிட்டது. கட்டன்சாயா குடித்துவிட்டுப் போனார்கள்.

நவம்பர் 5, புதன்

யாரும் வரவில்லை. போனும் இல்லை. சாளைப் புளிமுளம். ருசி தெரியவில்லை.

நவம்பர் 6, வியாழன்

போன் இல்லை. வேண்டாம். எனக்கென்ன. அவர்கள் படம், அவர்கள் காசு.

சாயங்காலம் கொட்டகைப் பக்கமாக நடந்தேன். பூட்டு தொங்கியது.

நவம்பர் 7, வெள்ளி

டைரக்டர் தனியாக வந்தான். சேபர் மட்டும் கையால் செய்கிறார்கள். முன்பாதி. மூக்கிலிருந்து கேனபிக்குப் பின்னால் வரை, இடது இறக்கையில் கொஞ்சம். நேட் கம்ப்யூட்டரில். "நீங்க சொன்ன பொறவு ரெண்டு நாளா படம் படமாப் பாத்தேன் தாத்தா. ரெண்டும் வேறதான்" என்றான்.

நல்ல பையன்.

குளச்சலில் ஃபைபர் வள்ளம் செய்கிற ஒருவர் மோல்டு எடுக்க ஒத்துக்கொண்டாராம். சட்டத்துக்கு நம்ம ஆசாரி.

எதிரியின் விமானத்தை எங்கள் ஊரில் கையால் செய்யப்போகிறோம். அவளிடம் சொன்னேன். "சோறு திங்க வாங்க" என்றாள்.

நவம்பர் 9, ஞாயிறு

கொட்டகை. தறிக்குழிகள் இன்னும் இருக்கின்றன. பலகை போட்டு மூடியிருக்கிறார்கள்.

குளச்சல்காரர் வந்திருந்தார். கையெல்லாம் ரெசின் காய்ந்து தோல் உரிந்திருக்கிறது. அண்ணாச்சி என்கிறார். "வள்ளத்துக்கு மூக்கு கூர்மையா அடைஞ்சு வரும் அண்ணாச்சி. இது என்ன, ஆளு நொழையிய மாதிரி ஓட்டையா இருக்கு?" அந்த வழியாகத்தான் எஞ்சினுக்குக் காற்று போகும், பைலட் இருக்கைக்கு அடியில் புகுந்து பின்னால் போகும் என்றேன். நெடுநேரம் யோசித்தார். "அப்போ மனுசன் காத்துக்கு மேலயாக்கும் இருக்கான்."

கரிக்கட்டையால் தரையில் வரைந்தேன். வாயின் மேலுதடு கொஞ்சம் முன்னே துருத்தும். அதற்குள் சின்ன ராடார், துப்பாக்கிக் குறிக்கு தூரம் சொல்ல. நிறையப் பேர் அந்த உதட்டை விட்டுவிடுவார்கள். உதடு இல்லாவிட்டால் அது சேபர் இல்லை. பிறகு குழல்கள். பக்கத்துக்கு மூன்று, ஒன்றின்கீழ் ஒன்று. மொத்தம் ஆறு. அரை அங்குலத் துப்பாக்கி. நேட்டுக்கு இரண்டே. ஆனால் அவை 30 மில்லிமீட்டர்.

குனிந்து வரைந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது. ஆசாரி தூக்கிவிட்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

டைரக்டர் லேப்டாப்பில் பழைய படங்கள். எதிரி விமானத்தை இப்படிச் செய்துகாட்டியது வேறு எங்கும் உண்டா என்று பார்க்கிறானாம்.

பிரிட்டன் சண்டையைப் பற்றி 1969-ல் எடுத்த இங்கிலீஷ் படம். அதில் வருகிற ஜெர்மன் விமானங்கள் பெரும்பாலும் ஸ்பெயின் விமானப்படையின் விமானங்கள். மெஸ்ஸர்ஸ்மிட்டாக வருவது ஸ்பெயினில் செய்த புச்சோன். ஹைன்கல் குண்டுவீச்சு விமானமாக வருவது ஸ்பெயினில் செய்த காஸா. இரண்டிலும் ஓடுவது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின். ஸ்பிட்ஃபயரில் ஓடிய அதே மெர்லின்! திரையில் ஒருவரையொருவர் துரத்துகிறார்கள், எஞ்சின் ஒரே தாய் வயிறு. ஜெர்மன் எஞ்சின் தலைகீழ்; புகைக்குழாய் கீழே இருக்கும். புச்சோனில் மேலே. கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. அப்போதைய ஜெர்மன் பைலட் அடால்ஃப் கல்லாந்தையே ஆலோசனைக்கு வைத்திருந்தார்கள். அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

அடுத்தது பேர்ல் ஹார்பர் படம், 1970. டோரா டோரா டோரா. ஜப்பானின் ஜீரோ போர் விமானமாக வருவது அமெரிக்க டெக்ஸன் பயிற்சி விமானம், மாற்றிக் கட்டியது. நாம் ஹார்வர்ட் என்போம். நம்ம பைலட்டுகள் பழகிய விமானம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். திரையில் ஜப்பான் சூரியனைப் போட்டுக்கொண்டு வருகிறது. நெஞ்சை என்னவோ செய்தது. கோபம் என்று சொல்ல முடியாது. அவர்கள் இருந்ததை வைத்துக் கவனமாகத்தான் செய்திருக்கிறார்கள். மூக்கு, கேனபி எல்லாம் மாற்றியிருக்கிறார்கள்.

டாப் கன் படத்தில் எதிரி மிக்-28. அப்படி ஒரு விமானமே கிடையாது. எஃப்-5க்குக் கறுப்புப் பெயின்ட். அதற்கு மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. பெயர் இல்லாத எதிரி, நாடு இல்லாத எதிரி. யாரை அடிக்கிறார்கள்?

நவம்பர் 12, புதன்

உடுப்பில் ரெசின் நாற்றம் என்று மருமகள் முணுமுணுத்தாள். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஹேங்கர் நாற்றத்துக்குக் கிட்ட வருகிறது.

நவம்பர் 13, வியாழன்

மழை. கொட்டகையில் ஒழுகல். மோல்டுக்கு மேல் தார்ப்பாய்.

வேலை இல்லாததால் பையன்களோடு பேச்சு. அகுட்டான் ஜீரோவைச் சொன்னேன். 1942 ஜூன் 4. அலாஸ்கா பக்கத்துத் தீவு. கோகா என்கிற ஜப்பான் பைலட், 19 வயது. அடிபட்ட விமானத்தைப் புல்தரை என்று நினைத்துச் சதுப்பில் இறக்கினான். சக்கரம் புதைந்து கவிழ்ந்தது. கழுத்து முறிந்து செத்தான். விமானத்துக்குப் பெரிய சேதம் இல்லை. கூட வந்தவர்கள் அதைச் சுட்டு எரிக்க வேண்டும், அதுதான் உத்தரவு. அவன் உயிரோடு இருக்கலாம் என்று சுடாமல் போனார்கள். ஜூலையில் அமெரிக்கர்கள் கண்டெடுத்தார்கள். செப்டம்பரில் சான் டியாகோவில் பறக்கவிட்டார்கள்.

அப்போதுதான் தெரிந்தது. வேகம் கூடினால் ஜீரோவின் ஏலரான் இறுகிப்போகும், உருள முடியாது. மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் எஞ்சின் இருமி நிற்கும். அவ்வளவுநாள் வெல்லவே முடியாத விமானம் என்று நினைத்திருந்தார்கள். கீழே பாய்ந்து, வேகத்தில் திரும்பு என்று பைலட்டுகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எத்தனையோ பேர் அதனால் வீடு திரும்பியிருப்பார்கள்.

ஒரு பையன் கேட்டான்: "கூட வந்தவனுவ சுட்டிருந்தா?"

அதற்கு நான் என்ன சொல்ல. கூட்டாளி மேல் வைத்த பாசம்.

கல்கத்தாவிலேயே 1943-ல் இதற்கென்று ஒரு பிரிவு இருந்தது. பிரிட்டிஷ்காரனும் அமெரிக்கனும் சேர்ந்து, பிடிபட்ட ஜப்பான் விமானங்களைப் பிரித்துப் பார்க்க. போர் முடிந்து 1946-ல் மலாயாவில் தெப்ராவ் என்ற இடத்தில் ஜப்பான் பைலட்டுகளையே வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். தோற்றவன் வென்றவனுக்குத் தன் விமானத்தை ஓட்டிக் காட்டுகிறான். இதை எவனும் படம் எடுக்கவில்லையே.

நவம்பர் 14, வெள்ளி

கால் வீக்கம். கொட்டகைக்குப் போகக்கூடாது என்று அவள் கட்டளை. செருப்பை ஒளித்துவைத்துவிட்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

பேரன் பைக்கில் உதயகிரிக் கோட்டை. நானாகத்தான் கேட்டேன். டிலனாய் கல்லறை. லத்தீனும் தமிழும் வெட்டிய கல். மழையில் பாசி.

பேரனுக்கு நின்றபடியே சொன்னேன். 1741, குளச்சல். டச்சுக்காரன் தோற்றான். டிலனாய் பிடிபட்டான். மார்த்தாண்டவர்மா அவன் தலையை எடுக்கவில்லை. படையைப் பழக்கு என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் வேணாட்டுப் படைக்கு ஐரோப்பிய முறையைக் கற்றுக்கொடுத்தான். 1777-ல் இங்கேயே செத்தான். எதிரியிடம் இருப்பதைக் கையில் எடுத்துப் பார்க்கிற புத்தி நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லை.

"இதையும் படத்துல வைக்கலாமா தாத்தா?"

வேண்டாம். இது வேறு, அது வேறு.

கோட்டைக்குள் காற்று நன்றாக இருந்தது. கால் வலிக்கவே இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

கால் வலி மறுபடி.

மூக்கு மோல்டிலிருந்து வெளியே வந்தது. குளச்சல்காரர் மரச்சுத்தியலால் நாலு பக்கமும் தட்டினார். கிறீச் என்று ஒரு சத்தம், பிறகு முழுசாகக் கழன்றது. உதடு இருக்கிறது! நான் தொட்டுப் பார்த்தேன். ஜெல்கோட் இன்னும் சூடு.

ஒரு நிமிஷம் 1971 டாக்காவில், தேஜ்காவ் விமானதளத்தில் நின்றேன்.

பிறகு சண்டை. டைரக்டர் எழுதியிருக்கிற காட்சியை வாசித்துக் காட்டினான். பிடிபட்ட பாகிஸ்தான் பைலட்டை நம்ம சிப்பாய்கள் அடித்து இழுத்து வருகிறார்கள். பைலட் காறித் துப்பி, திமிராக வசனம் பேசுகிறான். தியேட்டரில் கைதட்டு வரும் என்றான்.

அப்படி இல்லை. பாராசூட்டில் இறங்கியவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. சண்டை நடந்துகொண்டிருந்த நிலம், சிப்பாய்கள் ஆத்திரத்தில் கை வைத்தார்கள், உண்மை. 4 சீக் பட்டாலியனின் கேப்டன் பனாக் ஓடிவந்து தடுத்துக் காப்பாற்றினார். அந்த குரேஷி 1997-ல் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதி ஆனார். அவரை அடித்து வீழ்த்தியவர்களில் ஒருவரான லாசரஸ் வாழ்த்துக் கடிதம் போட்டார். பதிலும் வந்தது.

"அப்போ வில்லன் யாரு தாத்தா?"

ஏன் வில்லன் வேண்டும்? ஒருவன் நம்மைக் கொல்ல வந்தான். நாம் அவனை வீழ்த்தினோம். அவன் சும்மா ஆள் இல்லை, நல்ல பைலட். அதனால்தான் வீழ்த்தியது பெரிய காரியம். கோமாளியை வீழ்த்தினால் நேட் ஓட்டிய மாஸ்ஸிக்கும் கணபதிக்கும் என்ன பெருமை?

அவன் முகம் தொங்கிப்போயிற்று. நானும் பேசாமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

போன் இல்லை.

நவம்பர் 20, வியாழன்

போன் இல்லை. அவள் தீயல் வைத்தாள். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

சாயங்காலம் டிவி. துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விழுந்துவிட்டது. பைலட் விங் கமாண்டர் நமன்ஷ் சியால். போய்விட்டார். சூலூரிலிருந்து போனவர்.

அந்தத் தீப்பிழம்பையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். அணைக்கச் சொன்னேன். மருமகள் ஒன்றும் சொல்லாமல் அணைத்தாள்.

அந்த விமானத்தைக் காலையில் தயார்செய்து அனுப்பிய பையன்கள் இன்று என்ன செய்வார்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பான் ஒருவன். அவனைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அவன் சாப்பிட்டிருக்கமாட்டான்.

நவம்பர் 22, சனி

இன்று அந்த நாள்.

டம்டம். காலையிலிருந்து சேபர்கள் பாய்ராவில் நம்ம தரைப்படை மேல் பாய்ந்துகொண்டிருந்தன. நம்ம நேட்டுகள் போய்ச் சேருவதற்குள் ஓடிவிடும். வெறுங்கையாகத் திரும்பி வரும். சக்கரத்துக்குக் கட்டை வைக்கும்போது பைலட்டின் முகத்தைப் பார்க்கமாட்டோம். மதியம் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பு மறுபடி மணி. மாஸ்ஸி, கணபதி, லாசரஸ், சோரஸ். நாலு நேட். ராடாரில் பாக்சி வழிகாட்டினார்.

நாங்கள் தரையில். சண்டையை நான் பார்க்கவில்லை. ஏர்பிரேம் பிட்டருக்குச் சண்டை என்றால் போன விமானம் திரும்பி வருகிறதா என்று எண்ணுவது.

நாலும் வந்தன. குழல் வாயில் கரி. அந்தக் கரியைப் பார்த்ததும் ஒருவன் கத்தினான், எல்லோரும் கத்தினோம். கணபதி ரேடியோவில் மர்டர், மர்டர், மர்டர் என்று சொன்னது அதற்குள் பரவிவிட்டது.

மூன்று சேபர் விழுந்தது என்று அன்று இரவு சொன்னார்கள். பிறகுதான் தெரிந்தது, விழுந்தது இரண்டு. மூன்றாவது அடிபட்டு டாக்கா போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு என்பதில் ஒரு குறைவும் இல்லை. குரேஷி, கலீல் அகமது, இருவரும் உயிரோடு பிடிபட்டார்கள்.

கோவிலுக்குப் போகச் சொன்னாள். போனேன். சியாலுக்காகவும் கும்பிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

டைரக்டர் வந்தான். காட்சியை மாற்றி எழுதியிருக்கிறான். கேப்டன் ஓடிவந்து தடுப்பதில் முடிகிறது. காகிதத்தைக் கையில் கொடுத்தான். கண்ணாடி இல்லாமல் வாசித்தேன். வாசித்துவிட்டதாகச் சொன்னேன். பிறகு கண்ணாடி போட்டு நாலு தடவை வாசித்தேன்.

நன்றாக இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

நவம்பர் 25, செவ்வாய்

தேஜ்காவைப் பற்றி எழுதியே வைக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

டாக்கா, தேஜ்காவ். மிக்-21கள் ரன்வேயைக் குழி குழியாக்கி, சேபர்கள் ஏறவே முடியவில்லை. அவர்களுடைய பைலட்டுகள் பர்மா வழியாகப் போய்விட்டார்கள். டிசம்பர் 16 சரணடைந்த பிறகு எங்களில் சிலரை அனுப்பினார்கள். சேபர்கள் வரிசையாக. கருவிகளை நொறுக்கிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவன் தன் விமானத்தைத் தானே சுத்தியலால் அடித்திருக்கிறான். எங்கள் கையில் சிக்கக்கூடாது என்று. அவனும் என்னைப்போல் பிட்டராகத்தான் இருப்பான். அந்த அடிகளைப் பார்க்கப் பார்க்க வயிறு கலங்கியது. அந்தப் பக்கம் ஒருவன் அழுதிருக்கிறான் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மூன்றாவது எது என்று தேடினேன். வாலில், இறக்கையில், ஒட்டுப் போட்ட இடம் இருக்கிறதா என்று. கூடவந்த சார்ஜன்ட் திட்டினார்.

இறக்கையின் முன்விளிம்பில் ஸ்லாட். நிற்கும்போது தானாகக் கீழே தொங்கும். உள்ளங்கையால் தள்ளினால் சத்தமில்லாமல் உள்ளே போகும். விட்டால் மறுபடி வெளியே வரும். மோட்டார் கிடையாது, குழாய் கிடையாது. வேகம் குறைந்தால் தானே திறந்து இறக்கையைக் காப்பாற்றும். அவ்வளவு அழகான வேலை. பிறகுதான் படித்தேன், அந்தப் பின்சாய்ந்த இறக்கையே 1945-ல் தோற்ற ஜெர்மனியிடமிருந்து எடுத்த கணக்கு. அமெரிக்கன் முதலில் நேர் இறக்கைதான் வரைந்திருந்தான். அந்தக் காகிதங்களைப் பார்த்துத்தான் 35 டிகிரி சாய்த்தான். ஸ்லாட்டுக்கும் ஜெர்மன் மெஸ்ஸர்ஸ்மிட் ஜெட்தான் முன்மாதிரி.

ஒரு எதிரியிடமிருந்து இன்னொருவன், அவனிடமிருந்து இன்னொருவன், கடைசியில் என் உள்ளங்கை.

அவற்றில் சிலதைச் செப்பம் பண்ணி வங்கதேசத்துக்காரர்கள் தங்கள் புது விமானப்படைக்குப் பறக்கவிட்டார்கள். அதைக் கேட்டபோது மனசு ஆறியது.

நவம்பர் 26, புதன்

ஸ்லாட் வேண்டும் என்றேன். நாலடி போதும். படத்தில் தெரியாது, பட்ஜெட் இல்லை என்றான் டைரக்டர். அவன் சொல்வதும் சரி.

உறக்கம் இல்லை.

நவம்பர் 27, வியாழன்

பேசவில்லை. மட்டிப்பழம் வாங்கி வந்தேன். அழுகல்.

நவம்பர் 28, வெள்ளி

கொட்டகைக்குப் போனால் இறக்கையில் ஸ்லாட்! குளச்சல்காரர் ராத்திரி இருந்து செய்திருக்கிறார். வள்ளத்துக்கு வைக்கிற கீல். கையால் தள்ளினேன். போயிற்று. விட்டேன். வந்தது.

"அண்ணாச்சி சொன்ன மாதிரி தொங்கணும்லா" என்றார். காசு வேண்டாம் என்றுவிட்டார்.

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். ரெசின் ஒட்டியது.

நவம்பர் 30, ஞாயிறு

பேரனோடு ஸ்கை ஃபோர்ஸ் பார்த்தேன். ஜனவரியில் வந்த இந்திப் படம். தேவய்யாவின் கதை, பெயர் மாற்றி. ஸ்டார்ஃபைட்டர் கம்ப்யூட்டரில் செய்தது. பரவாயில்லை, வடிவம் சரி.

1965 செப்டம்பர் 7, சர்கோதா. தேவய்யா ஓட்டியது மிஸ்டேர், வேகம் குறைந்த விமானம். துரத்தியது ஸ்டார்ஃபைட்டர், ஒலியைப்போல் இரண்டு மடங்கு போகக்கூடியது. தேவய்யா திரும்பி எதிர்த்து அதை வீழ்த்தினார். அவர் திரும்பி வரவில்லை. நம்ம ஆள் யாருமே பார்க்கவில்லை. சொல்ல ஆள் இல்லை. பாகிஸ்தான் பக்கத்து விவரத்தை வைத்து 1979-ல் ஃப்ரிக்கர் எழுதிய புத்தகம்தான் வெளியே கொண்டுவந்தது. எதிரி பைலட் அம்ஜத் ஹுசைன் தான் வீழ்த்தப்பட்ட விதத்தைச் சொன்னார். 1988-ல் மகாவீர் சக்ரா.

எதிரி உண்மை சொன்னதால் நம்ம வீரனுக்குப் பெயர் கிடைத்தது. பேரனிடம் சொன்னேன். அவன் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். அது போதும்.

நம்ம நேட் ஒன்றும் அவர்களிடம் இருக்கிறது. 1965 செப்டம்பர் 3, பஸ்ரூரில் இறங்கியது. இப்போது கராச்சி மியூசியத்தில். அங்கேயும் ஒரு கிழவன் அதன்முன் நின்று, இதன் காற்றுவாய் விலாவில் இருக்கிறது என்று பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். சொல்லவேண்டும்.

டிசம்பர் 2, செவ்வாய்

பெயின்ட். பச்சை வெள்ளை வட்டம். வெளிவட்டம் அகலம் அதிகம் என்றேன். அழித்து மறுபடி போட்டார்கள். ஆறு குழலுக்கும் பிவிசி பைப். உள்ளே கறுப்பு.

தலைசுற்றல். பெயின்ட் மணம்தான். அவளிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

ஷூட்டிங். வயல்வரப்பில், வெயில் வந்தது. குரேஷியாக நடிக்கிற பையன் தக்கலைக்காரன். கேனபிக்குள் உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டு, கையை எங்கே வைக்கணும் தாத்தா என்று கேட்டான். வலது கை ஸ்டிக்கில், இடது கை திராட்டிலில். அப்படியே வைத்தான். கண்ணில் பயம் வேண்டுமா என்றான். வேண்டும், ஆனால் பயப்படுகிறவன் வேலை செய்துகொண்டே பயப்படுவான் என்றேன்.

எடுத்தார்கள். நல்ல நடிப்பு. டில்லி பாலம் மியூசியத்தில் ஒரு ஓகா உண்டு, ஜப்பான்காரன் மனிதனை உட்காரவைத்து குண்டோடு அனுப்பிய விமானம், மூக்கில் 1200 கிலோ. அந்தக் காலி இருக்கைமுன் ஒருநாள் வெகுநேரம் நின்றிருக்கிறேன். இன்று இந்த இருக்கையில் ஆள் இருந்தான். மூச்சு விட்டான். எழுந்து இறங்கி வந்து சாயா குடித்தான்.

நான் ஓரமாகப் போய் நின்றேன். கண் எரிந்தது.

டிசம்பர் 5, வெள்ளி

உடம்பெல்லாம் வலி. நாள் முழுக்கக் கட்டில். சுகமாக இருந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

கொட்டகையைக் காலி செய்யவேண்டும். சேபரை உடைத்து விற்றுவிடலாம் என்கிறார்கள். ஃபைபருக்கு விலை இல்லை, சட்டத்து மரத்துக்குக் கொஞ்சம் வரும்.

உடைக்கக்கூடாது.

அவள் முதல் தடவையாகக் கேட்டாள்: "அந்தச் சாதனம் எம்புட்டு பெருசு? நம்ம விளையில நிக்குமா?" நிற்காது. ஆனாலும் கேட்டாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

டைரக்டரிடம் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம் எதற்காவது கொடுங்கள், மழை படாத இடமாக. ஆசாரி வண்டி பிடித்துத் தருகிறார். பிள்ளைகள் ஏறி உட்காரட்டும், ஸ்லாட்டைத் தள்ளிப் பார்க்கட்டும். பக்கத்தில் பலகை வேண்டும். அதில் எழுதவேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

இது பாகிஸ்தான் விமானப்படையின் சேபர். பார்த்துச் செய்தது, உண்மையானது அல்ல. 1971 நவம்பர் 22, பாய்ரா. ஓட்டி வந்தவர்களில் பிடிபட்டவர்கள்: பர்வேஸ் மெஹ்தி குரேஷி, கலீல் அகமது. எதிர்த்தவர்கள்: ராய் மாஸ்ஸி, எம்.ஏ. கணபதி, டான் லாசரஸ், எஸ்.எஃப். சோரஸ். விழுந்தவை இரண்டு. மூன்றாவது டாக்கா போய் இறங்கியது.

கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று பேரன் கேட்டான். எடுக்கக்கூடாது.